பரணில் இருந்த ராஜ்யம்

சினிமாவினால் படிக்கும் வழக்கம் பாழாயிற்று என்று வகுப்பில் நாம் செய்யாத பிரசங்கம் இல்லை.

திருவள்ளூரில் நமது வீட்டுப் பரணில் ஒரு பழங்கட்டு உண்டு. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வாராவாரம் வந்த 'பொன்னியின் செல்வன்' பக்கங்களைப் பாட்டியார் சேர்த்து, ஊசி நூலால் தைத்து வைத்தது. 2023-ஆம் ஆண்டுப் போகியன்று, செல்லரித்த அக்கட்டைக் கழித்துவிடத் துணிந்தோம்.

"வேண்டாம், அப்பா! நான் பாதிதான் படித்திருக்கிறேன்" என்று பதறினாள் புதல்வி. மணிரத்னம் எடுத்த படத்தின் முதற் பாகத்தை முந்திய செப்டம்பரில் பார்த்தவள், மிச்சக் கதையை அறிய ரகசியமாகப் பரண் ஏறி வந்திருக்கிறாள்!

அன்று முதல், கண் மங்கிய நம் தாயாருக்கு இரவுதோறும் அவள் வாய்விட்டு வாசித்தாள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலிருந்து களைத்து வரும் தம்பியும் சோற்றை மறந்து கேட்டான். புத்தகத்தை நெருப்புக்குக் கொடுக்க இருந்தது சினிமா அன்று, நாமேதான். ஆகவே, நேயர்களே, அந்தப் பிரசங்கத்தை நிறுத்திவிட்டோம்.