நோன்பும் அயலுறவும்

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், களப்பின் கரையோரமாக அமைந்துள்ளது தமிழ் மக்களின் பூர்வீகக் கிராமமான கொக்கிளாய். முகத்துவாரத்திற்குத் தெற்கே, திருகோணமலை மாவட்டத்தினுள், முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையாக வாழும் புல்மோட்டை உள்ளது. இவ்வளவு அருகருகே வாழ்ந்தும், ஒரு சாராரின் ரமழான் நோன்பு எதனை வேண்டி நிற்கின்றது என்பதை மறுசாரார் முழுமையாக அறிந்திருப்பதாக நாம் கருதவில்லை.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 624இல், நோன்பு கடமையாக்கப்பட்டது. வைகறை முதல் சூரியன் மறையும் வரை உணவும் நீரும் இல்லறச் சேர்க்கையும் தவிர்க்கப்படல் வேண்டும். பொய்யையும் புறங்கூறலையும் விடாதவர் உணவை விடுவதால் பயனில்லை என்பது நபிகளாரின் போதனை. சந்திர ஆண்டு ஏறத்தாழ 11 நாட்கள் குறைவானதாகையால், மாரி மழையிலும் கச்சான் வெக்கையிலும் இக்கடமை மாறி மாறி வருகின்றது.

நோயாளரும் பயணிகளும் பின்னர் நோற்கலாம். மீளமுடியாத நோயாலோ முதுமையாலோ இயலாதவர், விடுபடும் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்க வேண்டும். பெருநாள் தொழுகைக்கு முன்னர், வசதியுள்ள ஒவ்வொரு குடும்பமும் தன் அங்கத்தவர் ஒவ்வொருவருக்காகவும் ஏழைகளுக்குத் தானியம் வழங்குகின்றது. நம் நாட்டில் அது பெரும்பாலும் அரிசியே. ஆக, ஒருவர் பசித்திருப்பது மற்றொருவரின் பசி தீர்வதில் சென்று முடிகின்றது. அயலவர் என்போருள் மாற்று மதத்தவரும் அடங்குவர் என்பதே மார்க்க அறிஞர்களின் விளக்கம்.

தமிழ் பேசும் முஸ்லிம்கள் இக்கடமைக்கு வழங்கும் பெயர் 'நோன்பு' என்பதும் குறிப்பிடத்தக்கது. பொறுத்தல் எனப் பொருள்படும் 'நோன்றல்' என்பதோடு உறவுடைய சொல் அது. ரமழானும் பொறுமையின் மாதம் என்றே போற்றப்படுகின்றது. கந்தசஷ்டி நோற்கும் சைவருக்கும் தவக்காலம் காக்கும் கத்தோலிக்கருக்கும் இச்சொல் அந்நியமானதன்று.

துயரைப் பொறுத்தல் என்பதை இம்மாவட்டத்தின் இரு சமூகங்களுக்கும் எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1984இன் இறுதியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் மக்கள் தம் வீடுகளை விட்டு வெளியேற நிர்ப்பந்திக்கப்பட்டனர். 1990 ஒக்டோபரில், முல்லைத்தீவு உள்ளிட்ட வட மாகாணத்தின் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அவர்களுட் பலர் புத்தளத்து அகதி முகாம்களிலேயே ஆண்டுக்கணக்கில் நோன்பு நோற்றனர். 2009இல் போர் முடிந்த பின்னரே இரு சாராரும் பெருமளவில் மீளத் திரும்ப வழி பிறந்தது.

திரும்பியோருக்குக் காணிப் பிணக்குகளும் கடற்றொழிற் பிணக்குகளும் காத்திருந்தன. நோன்புக் கஞ்சி அவற்றைத் தீர்த்துவைக்கும் என்று நாம் கூறவரவில்லை. ஆயினும், நோன்பு திறக்கும் வேளையில் அயலவரை அழைப்பதும், அழைக்கப்பட்டவர் மனமுவந்து சென்று அமர்வதும், பிணக்குகளைப் பேசித் தீர்ப்பதற்கான முதற்படியாக அமையக்கூடும். தன் இழப்பை மட்டுமே எண்ணாமல் அயலவரின் இழப்பையும் உணர்வதே நோன்பு கற்பிக்கும் பாடம். அப்பாடம் இரு சமூகங்களுக்கும் உரியது என்பதே நமது கருத்தாகும்.