கோலாலம்பூரில் கடைசி நாள்

இரவு 8.00 மணிக்கு விமானம். தங்கும் விடுதியிலோ நண்பகலுக்குள் அறையைக் காலி செய்துவிட வேண்டும். தனியாக வந்த பயணிக்கு ஊர் திரும்பும் நாள், வந்திறங்கிய நாளைவிடச் சிக்கலானது. குடும்பத்தோடு வந்தவர்களில் ஒருவர் பெட்டிக்குக் காவல் இருக்க, மற்றவர் கடைக்குப் போய் வரலாம். தனிப் பயணிக்கு அந்த வசதி இல்லை. நேரமாயிற்று என்று நினைவூட்டவும் ஆளில்லை. இந்த அச்சத்தாலேயே சிலர் காலையிலேயே விமான நிலையத்திற்குச் சென்று நாற்காலியில் அமர்ந்துவிடுகின்றனர். ஒரு முழுப் பகல் வீணாகிறது.

நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் இந்த அச்சம் குறையும். பன்னாட்டு விமானத்திற்கு மூன்று மணி நேரத்திற்கு முன்னரே, அதாவது மாலை 5.00 மணிக்கு, நிலையத்தில் இருப்பது நல்லது. கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து புறப்படும் விமான நிலைய விரைவு இரயில் முதல் முனையத்தை 28 நிமிடங்களில் அடைகிறது. இரண்டாம் முனையத்திற்கு மேலும் ஐந்து நிமிடம் ஆகும். பெட்டியை எடுக்க, பயணச்சீட்டு வாங்க, இரயிலுக்குக் காத்திருக்க என்று அரை மணி நேரத்தை ஒதுக்கினால், மாலை 4.00 மணிக்குச் சென்ட்ரலில் இருந்தாக வேண்டும். காலை 8.00 மணிக்கே அறையைக் காலி செய்தால் எட்டு மணி நேரம் கையில் இருக்கிறது! பெட்டியைச் சென்ட்ரலில் உள்ள பூட்டறையில் வைத்துவிடலாம். கடப்பிதழையும் பணத்தையும் மட்டும் உடலோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

சென்ட்ரலை விட்டு வெளியே வந்தால் பிரிக்பீல்ட்ஸ். 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன வீடுகள் அழிந்தபின், செங்கல்லால் கட்டடம் எழுப்ப வேண்டும் என்று அன்றைய ஆட்சி ஆணையிட்டது. அந்தச் செங்கற்களைச் சுட்ட சூளைகள் இருந்த இடமே இது. ஊரின் ஆங்கிலப் பெயரும் அதையே சொல்கிறது. பின்னர் இரயில்வே இங்குப் பணிமனைகளை அமைத்தபோது, அதில் வேலை செய்ய வந்த தமிழர்கள் சுற்றிலும் குடியேறினர். 1904ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட விவேகானந்தா ஆசிரமம் இன்றும் துன் சம்பந்தன் சாலையில் நிற்கிறது. 2010ஆம் ஆண்டு அக்டோபரில் இப்பகுதி ‘லிட்டில் இந்தியா’வாக அதிகாரப்பூர்வமாகத் திறந்து வைக்கப்பட்டது.

வாழையிலையில் தோசை சாப்பிடும் பயணி, தம் காலடியையும் சற்றுக் கவனிக்க வேண்டும். நடைபாதையில் கோடுகள் புடைத்த மஞ்சள் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. பார்வையற்றோர் சங்கம் இங்கு இருப்பதால், வெண்கோல் ஏந்தியவர்கள் பலர் அக்கற்களைத் தடவித் தடவி நடந்து செல்வர். சக்கரப் பெட்டியை அதன் மேல் நிறுத்திவிட்டுப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

காலை 10.00 மணியளவில் கொமுட்டர் இரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கிள்ளானை அடையலாம். இந்தப் பாதை நாட்டின் பழைமையான இரயில் பாதைகளுள் ஒன்று. 1886ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடா வரை இரயில் ஓடத் தொடங்கியது. 1890இல் ஆற்றின் குறுக்கே பாலம் அமைந்ததும் அது கிள்ளான் நகருக்குள் நுழைந்தது. 1901இல் கடற்கரையில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972இல் அதன் பெயர் கிள்ளான் துறைமுகம் என மாறியது.

விமானப் பயணம் எளிதாகாத காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து சிலாங்கூருக்கு வந்தவர்களில் பலர் இத்துறைமுகத்தில்தான் கரை இறங்கினர். ‘ரஜூலா’ போன்ற கப்பல்கள் சென்னை, நாகப்பட்டினம் ஆகிய ஊர்களிலிருந்து அவர்களை ஏற்றி வந்தன. பயணி இன்று தம் கடைசி நாளில் செல்லும் இதே பாதை, அவர்களுக்கு முதல் நாள் பாதையாக இருந்தது. அவர்களுள் தனியாக வந்தவர்களும் உண்டு. ஆனால், திரும்பும் நாள் எது என்று அச்சிட்ட சீட்டு அவர்களுள் பலரின் கையில் இல்லை.

கிள்ளான் நிலையத்திலிருந்து சில நிமிடங்கள் நடந்தால் தெங்கு கிளானா சாலை வந்துவிடும். பூ கட்டுபவர்கள், மளிகைக் கடைகள், சேலைக் கடைகள், சூடான முறுக்கு என்று தெரு முழுக்க வாசனை. பிரிக்பீல்ட்ஸைவிட இங்கு அலங்காரம் குறைவு; ஆனால், தீபாவளிக்குத் துணி எடுக்க என் வீட்டார் இன்றும் இங்குதான் வருகின்றனர். வழியில் சுல்தான் அப்துல் அஜிஸ் அரச காட்சிக்கூடம் உள்ளது. 1909ஆம் ஆண்டில் எழுந்த அந்த வெள்ளைக் கட்டடத்தை வெளியில் நின்று பார்ப்பதுகூட இன்பமே.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. ஊறுகாயும் எண்ணெயும் விமானப் பாதுகாப்பு விதியில் திரவங்களாகவே கருதப்படும். 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட போத்தலைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவர். அதைப் பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட வேண்டும். முறுக்குக்கு இந்தத் தொல்லை இல்லை.

பிற்பகல் 2.15 மணிக்கெல்லாம் நிலையத்திற்குத் திரும்பிவிட வேண்டும். கொமுட்டருக்குச் சில வேளைகளில் அரை மணி நேரம்கூடக் காத்திருக்க நேரும். கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகலில் இடியுடன் மழை பெய்வதும் வழக்கமே. குடை இல்லாதவர் கடை வாசலில் நிற்கும் பதினைந்து நிமிடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நம்மூர் நிலையத்தில் யாரேனும் ஒருவர் பையோடு நின்று, “தம்பி, சென்ட்ரல் போற ரயில் எந்தப் பக்கம்?” என்று உங்களைக் கேட்கலாம். நடைமேடையைக் கைகாட்டுவதோடு, அடுத்த இரயில் எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லுங்கள். அவருக்கு அன்று வேண்டியது அந்த நேரம்தான்.