கெடு யாருக்கு?

நொடித்தவர்களும் மீண்டவர்களும் – 9

2016-ஆம் ஆண்டின் திவால் சட்டம், கடனைக் கட்டாத நிறுவனத்தை முதலாளியிடமிருந்து பிடுங்கிக் கடன் கொடுத்தோர் குழுவின் கையில் கொடுத்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். கைக்கு வந்த நிறுவனத்தை எத்தனை நாளில் கரைசேர்க்க வேண்டும் என்பது இந்த வாரக் கேள்வி.

சட்டம் தரும் அவகாசம் 180 நாள். தேவைப்பட்டால் இன்னும் 90. அதுவும் போதவில்லை என்று, வழக்காடும் காலத்தையும் சேர்த்து 330 நாளுக்குள் முடித்தே ஆகவேண்டும் என 2019-இல் திருத்தம் வந்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே எஸ்ஸார் ஸ்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கட்டாயத்தைத் தளர்த்தியது. திவால் வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் தாமதித்தால் அதற்கு வழக்காடியவர் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்ற நியாயமான காரணம்தான். ஆனால், அரிதாக இருக்க வேண்டிய விலக்கு அன்றாட வழக்கமாகிவிட்டது.

நாள் தள்ளிப்போவதன் விலை என்ன? ஜெட் ஏர்வேஸைப் பாருங்கள். 2019 ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்கு வந்ததே அதன் கடைசி விமானம். ஜூன் மாதம் திவால் நடவடிக்கை தொடங்கியது. ஜலான்–கால்ராக் கூட்டமைப்பின் மீட்புத் திட்டத்தை 2021 ஜூனில் மும்பை தீர்ப்பாயம் ஏற்றது. முதல் தவணையாக 350 கோடி ரூபாய் வர வேண்டும்; வந்தது 200 கோடி. மீதி 150 கோடியை வங்கி உத்தரவாதத்தில் கழித்துக்கொள்ளலாமா என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. கூடாது என்று சொன்ன உச்ச நீதிமன்றம், 2024 நவம்பர் 7 அன்று அரசியல் சாசனத்தின் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்தி நிறுவனத்தையே கலைக்க உத்தரவிட்டது. அதற்குள் ஐந்தரை ஆண்டு ஓடியிருந்தது. பறக்காத விமான நிறுவனத்துக்கு விமானியும் தங்கமாட்டார், பயணியும் காத்திருக்கமாட்டார். 2019-இல் விற்கக் கிடைத்தது ஒரு விமான நிறுவனம். 2024-இல் மிஞ்சியது உடைத்து விற்க வேண்டிய சொத்துப் பட்டியல்.

பூஷன் பவர் அண்டு ஸ்டீல் கதை நேர் எதிரானது. 2017-இல் ரிசர்வ் வங்கி திவால் நடவடிக்கைக்கு அடையாளம் காட்டிய 12 பெரிய கணக்குகளில் இதுவும் ஒன்று. ஜே.எஸ்.டபிள்யூ. ஸ்டீல் தந்த சுமார் 19,700 கோடி ரூபாய் திட்டம் 2019 செப்டம்பரில் ஒப்புதல் பெற்றது. அடுத்த மாதமே அமலாக்கத் துறை, பழைய முதலாளிகள் மீதான வழக்கில் நிறுவனத்தின் 4,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட சொத்தை முடக்கியது. பழைய நிர்வாகத்தின் குற்றம் புதிய உரிமையாளரைத் தொடரக் கூடாது என்று திவால் சட்டத்தில் 32ஏ பிரிவைச் சேர்த்த பிறகே வழி பிறந்தது. 2021 மார்ச்சில் ஆலை கைமாறியது.

வங்கிகளுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது, ஆலை விரிந்தது. நான்கு ஆண்டு கழித்து, 2025 மே 2 அன்று, திட்டமே சட்டப்படி செல்லாது, நிறுவனத்தைக் கலையுங்கள் என்றது உச்ச நீதிமன்றம். கெடு மீறப்பட்டதும் காரணங்களில் ஒன்று. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, வாங்கிய பணத்தை வங்கிகள் திருப்பித் தரும் நிலை வந்தது. ஜூலையில் அந்தத் தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. செப்டம்பர் 26 அன்று, தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான அமர்வு ஜே.எஸ்.டபிள்யூ. திட்டத்தை உறுதி செய்தது. நடவடிக்கைக் காலத்தில் ஆலை ஈட்டிய லாபம் எங்களுக்கே என்ற வங்கிகளின் கோரிக்கையும் தள்ளுபடியானது. ஏற்கப்பட்ட திட்டத்தைப் பிறகு கிளறக் கூடாது என்பதே இதன் சாரம். சரியான தீர்ப்புதான். அது வருவதற்கு, நடவடிக்கை தொடங்கி எட்டு ஆண்டு ஆனது.

2025 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா இந்தத் தாமதத்தைத்தான் குறிவைத்தது. மனுவை 14 நாளில் ஏற்கவோ நிராகரிக்கவோ வேண்டும், முடியாவிட்டால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். மேல்முறையீட்டை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது இன்னொரு விதி. நிர்வாகத்தை முதலாளியிடமே விட்டுவைத்து, தீர்ப்பாயத்துக்கு வெளியே கடன் கொடுத்தவர்களே நடவடிக்கையைத் தொடங்கும் புதிய வழியும் அதில் உண்டு. ஆனால் 14 நாள் கெடு பழைய சட்டத்திலேயே இருந்தது! போதிய உறுப்பினர்களும் அமர்வுகளும் இல்லாத தீர்ப்பாயத்துக்குக் கெடு மட்டும் விதித்துப் பயனில்லை.

கெடு கண்டிப்பாக நிற்கும் இடம் ஒன்று உண்டு: அது சிறு சப்ளையரின் வாசல். திட்டம் ஏற்கப்பட்டதும், அதில் இடம்பெறாத பழைய பாக்கிகள் அனைத்தும் அழிந்துவிடும் என்று 2021 ஏப்ரலில் கனஷ்யாம் மிஸ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பாயத்துக்கு ஆண்டுகள் நீளலாம்; உங்களுக்கு நாள் நீளாது. சரக்கு அனுப்பிய நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனதாக நாளிதழில் அறிவிப்பு வந்தால், பில்களை எடுத்துக்கொண்டு அன்றே கோரிக்கைப் படிவத்தை அனுப்பிவிடுங்கள்.

அரசின் வரிப் பாக்கி வரிசையில் எங்கே நிற்கிறது? அடுத்த வாரம், ரெயின்போ பேப்பர்ஸ் வழக்கு.

(தொடரும்)