"12 வோல்ட்தானே, என்ன ஆகிடப் போகுது?" படகில் வயர் ஜாயின்ட் சூடாவது ஏன்? எந்த கனெக்டர் பாதுகாப்பானது?

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது இந்த நாட்களில்தான். பெயின்ட், எஞ்சின், வலை என்று பணம் கரைந்த பிறகு, வயரிங் பெரும்பாலும் கடைசி வேலையாகத்தான் வரும். "லைட் எரியுதுல்ல, விடுப்பா" என்பதோடு முடிந்தும் போகும்.

ஆனால் நடுக்கடலில் ஜிபிஎஸ் திடீரென அணைவதற்கும், வயர்லெஸ் பேசாமல் போவதற்கும், எஞ்சின் ரூமில் கருகிய வாடை வருவதற்கும் பல நேரங்களில் காரணம் ஒன்றுதான். இரண்டு வயர்கள் சேரும் அந்தச் சின்ன ஜாயின்ட்.

ஷாக் அடிக்காத கரண்ட் தீப்பிடிக்க வைக்குமா?

வைக்கும். படகு பேட்டரி 12 வோல்ட் அல்லது 24 வோல்ட். கையால் தொட்டாலும் பொதுவாக ஷாக் தெரியாது. அதனாலேயே இதில் ஆபத்து இல்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. வீட்டில் 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் பல்பு எடுக்கும் மின்னோட்டம் சுமார் கால் ஆம்பியர். அதே 60 வாட் விளக்கு படகில் 12 வோல்ட்டில் எரிந்தால் 5 ஆம்பியர் எடுக்கும். ஜாயின்ட்டில் உருவாகும் சூடு, மின்னோட்டத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். அதாவது, வீட்டிலும் படகிலும் ஒரே மாதிரி மோசமான ஜாயின்ட் இருந்தால், படகு ஜாயின்ட் 350 மடங்குக்கும் அதிகமாகச் சூடாகும்.

ஒரு ஜாயின்ட்டில் களிம்பு ஏறி, அதன் மின்தடை 0.2 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 ஆம்பியர் ஓடினால் 20 வாட் சூடு அந்த ஒரே புள்ளியில் இறங்கும். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். கிட்டத்தட்ட அதே அளவு சூடு, டேப் சுற்றிய ஜாயின்ட்டுக்குள் ராத்திரி முழுக்க இருந்தால் என்ன ஆகும்? பக்கத்தில் டீசல் படிந்த மரம், ஃபைபர் படகு என்றால் எரியக்கூடிய பிசினால் ஆன உடல்.

ஃபியூஸ் காப்பாற்றாதா?

பலரும் நம்பி ஏமாறும் இடம் இது. வயர் ஷார்ட் ஆகி மின்னோட்டம் எகிறினால்தான் ஃபியூஸ் போகும். களிம்பு பிடித்த ஜாயின்ட்டில் மின்னோட்டம் எகிறுவதில்லை. 15 ஆம்பியர் ஃபியூஸைப் பொறுத்தவரை அங்கே 10 ஆம்பியர்தான் ஓடுகிறது, எல்லாம் சரி. ஜாயின்ட் கருகிக்கொண்டே இருக்கும், ஃபியூஸ் பேசாமல் இருக்கும்.

ஃபியூஸ் வேண்டாம் என்று அர்த்தமில்லை. அது கட்டாயம் வேண்டும், அதுவும் பேட்டரிக்கு மிக அருகிலேயே. ஆனால் ஜாயின்ட்டுக்கு அது காவல் அல்ல.

கடல் என்ன செய்கிறது?

மூன்று வேலை செய்கிறது. முதலில் உப்பு. செம்புக் கம்பி உப்பு ஈரத்தில் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். கம்பி இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளியில் தண்ணீர் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறும். வெளியே பார்த்தால் பளபளப்பான சிவப்பு வயர், உறையை உரித்தால் உள்ளே கறுப்பு. படகு வேலை செய்த எலக்ட்ரீஷியன்களுக்கு இது பழகிய காட்சி.

அடுத்தது அதிர்வு. எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் வயர் நடுங்கிக்கொண்டே இருக்கும். திருகுகள் தளரும். ஒற்றைக் கம்பியாக வரும் வயர் ஒடியும்.

மூன்றாவது, வேறு வேறு உலோகங்களின் சேர்க்கை. செம்பும் அலுமினியமும், அல்லது செம்பும் சாதா இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் அதுவே ஒரு குட்டி பேட்டரி. இரண்டில் ஒன்று அரிக்கப்பட்டே தீரும்.

தவிர்க்க வேண்டியவை எவை?

முறுக்கி டேப் சுற்றுவது. இதுதான் அதிகம் நடப்பது, மிக மோசமானதும் இதுதான். இன்சுலேஷன் டேப்பின் பசை வெயிலில் இளகும், ஈரத்தில் உரியும். அதற்குள் போன தண்ணீர் வெளியே வர வழியும் இருக்காது.

வீட்டு வயரிங்கில் பயன்படும் வெள்ளை பிளாஸ்டிக் திருகுக் கனெக்டரும் வேண்டாம். அதன் திருகு நேராகக் கம்பி மேல் இறங்கி இழைகளை நசுக்கி அறுக்கும், அதிர்வில் தளரும். வயரை வெட்டாமல் கிளிப் போல மேலே அழுத்தும் கனெக்டர்களை பைக், கார் கடைகளில் பார்க்கலாம். அவை உறையைக் கிழித்து உள்ளே போவதால், உப்புத் தண்ணீருக்கும் நாமே வாசல் திறந்துவிட்டது போல ஆகிவிடும்.

ஈயம் வைத்து ஒட்டினால் ஸ்ட்ராங் ஆச்சே என்று கேட்கலாம். மின்சாரம் நன்றாகத்தான் போகும். பிரச்சினை என்னவென்றால், ஈயம் ஏறிய இடம் குச்சி போல விறைத்துவிடும், அதற்கு அடுத்த இடம் வளையும். அதிர்வு முழுவதும் அந்த எல்லைக்கோட்டில் விழுந்து கம்பி அங்கேயே ஒடியும். போதாததற்கு, வழக்கமான ஈயக்கலவை 183 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். சூடான ஜாயின்ட் தானாகவே கழன்றுவிடும். நடுவில் ஈய வளையம் வைத்த கண்ணாடி போன்ற ஸ்லீவ்கள் ஆன்லைனில் விற்கின்றன. வீடியோவில் பார்க்க அழகாக இருக்கும். வயரைப் பிடித்து வைப்பது அதிலும் ஈயம் மட்டும்தான்.

அமெரிக்காவில் படகுகளுக்கான தரவிதிகளை வகுக்கும் ஏபிஒய்சி அமைப்பின் இ-11 விதியும், ஈயத்தை மட்டுமே பிடிமானமாக நம்பக் கூடாது என்கிறது. முறுக்கி மூடும் தொப்பி வகைக் கனெக்டர்களுக்கும் அதில் தடை. இந்தியப் படகுகளை அது கட்டுப்படுத்தாது. ஆனால் உப்புத் தண்ணீர் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

அப்படியானால் எது சரி?

வெள்ளீய முலாம் பூசிய செம்பு லக், அதைச் சரியான கருவியால் கிரிம்ப் செய்வது, மேலே உள்பக்கம் பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் முழுமை. ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டின் பலன் குறையும்.

வயரும் முடிந்தவரை வெள்ளீய முலாம் பூசிய பல இழை செம்பு வயராக இருக்கட்டும். அதன் இழை செம்பு நிறத்தில் இல்லாமல் வெள்ளி போல இருக்கும், வாங்கும்போது நுனியைப் பார்த்தாலே தெரியும். விலை கூடத்தான். முழுப் படகுக்கும் முடியாவிட்டால் அடித்தளத்தில் தண்ணீர் இறைக்கும் பம்ப், ஜிபிஎஸ், வயர்லெஸ், வழிவிளக்கு ஆகியவற்றுக்காவது போட வேண்டும்.

உறையோடு வரும் லக்குகளில் நிறம்தான் அளவு. சிவப்பு 0.5 முதல் 1.5 சதுர மி.மீ வயருக்கு, நீலம் 1.5 முதல் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை. "நீலம் இல்லண்ணே, மஞ்சளையே அமுக்கிடலாம்" என்று கடையில் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். லக்குக்குள் வயர் நுழையவில்லை என்று நாலு இழையை வெட்டிவிடுவதும் அதே தப்புதான்.

போல்ட்டில் மாட்ட முழு வட்ட லக் வாங்குங்கள். கவட்டை போலத் திறந்திருக்கும் லக், நட்டு கொஞ்சம் தளர்ந்தாலே நழுவி விழும். வட்ட லக் என்றால் நட்டு முழுக்கக் கழன்றால்தான் வெளியே வரும்.

மாட்டும் வரிசையிலும் விஷயம் இருக்கிறது. லக் நேராக அடித்தகட்டில் உட்கார வேண்டும், வாஷர் அதற்கு மேலேதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது, ஆனால் செம்போடு ஒப்பிட்டால் மின்சாரத்தை மிக மோசமாகக் கடத்தும். அந்த வாஷரை லக்குக்குக் கீழே போட்டால் சூடாகும் இடத்தை நாமே உருவாக்குகிறோம். பேட்டரி கம்பத்திலும் லக்குகளை அடுக்கிக்கொண்டே போகக் கூடாது. ஒரு போல்ட்டுக்கு அதிகபட்சம் நான்கு என்பது ஏபிஒய்சி கணக்கு.

கட்டிங் பிளேயரால் அமுக்கினால் போதாதா?

போதாது. பிளேயர் லக்கைத் தட்டையாக்குமே தவிர, இழைகளை இறுக்கிப் பிடிக்காது. ராட்செட் வகை கிரிம்பிங் கருவி முழு அழுத்தம் கொடுத்த பிறகுதான் வாயைத் திறக்கும். பாதியில் விடவே விடாது. ஒரு குழுவில் நாலைந்து படகுக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் பல வருடம் உழைக்கும்.

கிரிம்ப் செய்ததும் லக்கை ஒரு கையிலும் வயரை ஒரு கையிலும் பிடித்து பலமாக இழுத்துப் பாருங்கள். கழன்றால் நல்லது, கரையிலேயே தெரிந்துவிட்டது. பிறகு ஸ்லீவைச் சூடாக்கும்போது இரண்டு முனையிலும் பசை லேசாகப் பிதுங்கி வர வேண்டும். அது வந்தால்தான் தண்ணீர் புகாது. இதை ஹீட் கன்னால் செய்வதே முறை. லைட்டர் நெருப்பு ஒரு பக்கம் கருக்கும், மறுபக்கம் பசை உருகாது. பெட்ரோல் டேங்கோ, சார்ஜ் ஏறும் பேட்டரியோ அருகில் இருந்தால் லைட்டரை எடுக்கவே கூடாது. சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன், காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும்.

ஜாயின்ட்டை சிலிகான் வைத்து மூடுபவர்கள் கவனத்துக்கு: வினிகர் போல வாடை வரும் சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். செம்பை அரிக்கும் வேலையை உப்புக்கு முன்பே அது தொடங்கிவிடும்.

பழைய ஜாயின்ட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதில்லை. விளக்கையோ பம்பையோ ஓடவிட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, அதன் இரண்டு முனைகளையும் ஜாயின்ட்டின் இருபக்கமும் வையுங்கள். நல்ல ஜாயின்ட் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். 0.2, 0.3 வோல்ட் என்று காட்டினால் அங்கே பிரச்சினை இருக்கிறது. வழிவிளக்கு, மின்னணுக் கருவிகள் போன்ற முக்கிய இணைப்புகளில் பேட்டரி முதல் கருவி வரை மொத்த இழப்பே 3 சதவீதம், அதாவது 12 வோல்ட்டில் 0.36 வோல்ட் தாண்டக் கூடாது என்பது இ-11 அளவு. ஒரே ஜாயின்ட் அதை முழுங்கினால் எப்படி?

பம்ப் நன்றாகவே இருந்தும் மெதுவாக இறைப்பது, வயர்லெஸ்ஸில் கேட்க முடிகிறது ஆனால் பேசும் பட்டனை அழுத்தியதும் அணைந்துவிடுவது, இவையெல்லாம் இதன் அறிகுறிகள்தான். பேசும்போது வயர்லெஸ் பல மடங்கு அதிக மின்னோட்டம் எடுக்கும். ஆபத்து நேரத்தில் உதவி கேட்க பட்டனை அழுத்தும் அந்த நொடியில்தான் ஜாயின்ட் கைவிடும். பாக் நீரிணையில் ஜிபிஎஸ் அணைந்தால் கடல் எல்லைக்கோடு எந்தப் பக்கம் என்பதும் தெரியாமல் போகும்.

தூத்தூர் பகுதி ஆழ்கடல் படகுகள் போல நாள்கணக்கில் கடலில் இருப்பவர்கள் கொஞ்சம் லக், ஸ்லீவ், கிரிம்பிங் கருவி, உதிரி ஃபியூஸ் ஆகியவற்றை மூடி இறுகிய டப்பாவில் வைத்திருப்பது நல்லது. வழியில் ஒரு ஜாயின்ட் சூடானால் முதலில் பேட்டரி ஸ்விட்சை அணைத்து, கறுத்த கம்பியைப் பளபளப்பான இழை தெரியும் வரை வெட்டி, புது லக் போட வேண்டும். வயர் நீளம் பத்தாவிட்டால், கறுத்த இடத்தைச் சுரண்டி ஒட்டுப்போடாமல், புது வயர் துண்டு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.