கருகினால்தான் ருசி! மெக்சிகோ சல்சாவின் புகை ரகசியங்கள் தெரியுமா?

அடுப்பில் சுட்டுக்கொண்டிருக்கும் தக்காளி கருகிவிட்டால் என்ன செய்வோம்? பதறிப்போய் அடுப்பை அணைப்போம்! மெக்சிகோக்காரர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? இன்னும் கொஞ்சம் கருகட்டும் என்று திருப்பிப் போடுவார்கள்! தக்காளி, வெங்காயம், பூண்டு, மிளகாய் நான்கையும் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லாமல் சூடான கல்லில் போட்டு, தோல் கறுத்து வெடிக்கும்வரை சுட்டு, உப்புப் போட்டு அரைப்பார்கள். அதுதான் சல்சா தாத்தெமாதா! பாட்டில் சல்சாவை மட்டும் ருசித்தவர்கள் இதை ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் பெயர் மட்டும்தான் ஒன்று!

சிப்போட்லே மிளகாய் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது எந்தச் செடியில் காய்க்கிறது தெரியுமா? எந்தச் செடியிலும் இல்லை! பழுத்துச் சிவந்த ஹலபேனோ மிளகாயைப் பல நாள் புகையில் வாட்டி எடுத்தால் அதுவே சிப்போட்லே! வெயிலில் காயவைத்தால் என்ன? முடியாது! ஹலபேனோவின் சதை அவ்வளவு தடிமன். காய்வதற்குள் அழுகிவிடும். அழுகாமல் காப்பாற்றக் கண்டுபிடித்த வழிதான் புகை. காப்பாற்றப்போய் உலகமே தேடும் ஒரு ருசி பிறந்துவிட்டது!

1 கிலோ சிப்போட்லே வேண்டுமானால் எவ்வளவு மிளகாய் வேண்டும்? சுமார் 10 கிலோ! மீதி 9 கிலோவும் ஆவியாகப் போய்விடும்!

சிப்போட்லேயிலும் இரண்டு ரகம் உண்டு. கொஞ்ச நாள் புகை போட்டால் கருஞ்சிவப்பில் மோரீத்தா. நிறைய நாள் போட்டால் தூசி படிந்த சுருட்டு நிறத்தில் மெக்கோ. வெளிநாட்டுக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது மோரீத்தா. மெக்கோவின் ருசி தெரிந்த மெக்சிகோக்காரர்கள் அதை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை!

இன்னொரு விந்தை! காய்ந்ததும் பேரையே மாற்றிக்கொள்ளும் மிளகாய்கள் அங்கே ஏராளம். பச்சையாக இருக்கும்போது பொப்லானோ, காய்ந்தால் ஆன்சோ. மிராசோல் காய்ந்தால் குவாஹியோ. சிலாக்கா காய்ந்தால் பாசியா. சந்தைக்குப் போகும் புதியவர் ஆறு மிளகாய் என்று எண்ணுவார். செடி மூன்றுதான்!

சரி, இவ்வளவு மிளகாய் ரகங்களை எப்போதிலிருந்து வளர்க்கிறார்கள்? வஹாக்கா மாநிலத்தில் மித்லா என்ற ஊருக்குப் பக்கத்தில் இரண்டு வறண்ட குகைகள் இருக்கின்றன. அங்கே தோண்டியபோது 122 மிளகாய்களின் மிச்சங்கள் கிடைத்தன! காலம், கி.பி. 600-க்கும் 1521-க்கும் இடையில். அவற்றில் குறைந்தது 10 ரகங்கள்! காரத்துக்கு ஒன்று, மணத்துக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று என்று பார்த்துப் பார்த்துச் சமைக்கும் பழக்கம் அப்போதே வந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் காலத்தில் நம் ஊர்ச் சமையலறையில் எத்தனை மிளகாய் இருந்தது தெரியுமா? பூஜ்யம்! கொலம்பஸ் 1492-இல் அமெரிக்கக் கண்டத்தில் கால் வைக்கும்வரை இந்தியா, சீனா, ஐரோப்பா எங்குமே மிளகாய் கிடையாது. தக்காளியும் கிடையாது! நிலக்கடலையும் கிடையாது! காரம் என்றால் நமக்கு முக்கியமாக மிளகுதான். பிறகு போர்ச்சுக்கீசியர் கப்பல்களில் மிளகாய் வந்து இறங்கியது. இன்று அது இல்லாமல் ஒரு சாம்பார் உண்டா?

மிளகாயை வறுக்கும்போது வரும் நெடி எப்படி இருக்கும்? தொண்டை கமறும், கண் எரியும், வீடே தும்மும்! அந்த நெடியைப் பழைய மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் தண்டனையாகவே வைத்திருந்தார்கள் என்றால் நம்புவீர்களா? 1540-களில் வரையப்பட்ட மெண்டோசா சுவடியில் அந்தப் படம் இருக்கிறது. 11 வயதுப் பையன். சொல்பேச்சுக் கேட்கவில்லை. அப்பா அவனைப் பிடித்து, எரியும் மிளகாய்ப் புகைக்கு நேராக முகத்தைக் காட்டுகிறார்! பக்கத்திலேயே அம்மாவும் பெண்ணும்! கண்ணில் நீர் வழிகிறது! பார்க்கவே பாவமாக இருக்கிறது!

மிளகாயின் காரத்துக்கு அளவுகோல் போட்டவர் யார்? வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தியலாளர், 1912-இல்! கருவி எதுவும் இல்லை, நாக்குதான் கருவி! மிளகாய்ச் சாற்றில் சர்க்கரைத் தண்ணீரைக் கலந்துகொண்டே போக வேண்டும். ருசி பார்ப்பவர்களுக்குக் காரம் தெரியாமல் போகும் இடம்தான் கணக்கு. குடைமிளகாய் 0! பொப்லானோ 1,000 முதல் 1,500. ஹலபேனோ 2,500 முதல் 8,000. செர்ரானோ 10,000-க்கு மேல். ஹபனேரோ 1 லட்சம் முதல் 3.5 லட்சம்! 2023-இல் கின்னஸ் சாதனை படைத்த ‘பெப்பர் எக்ஸ்’ எவ்வளவு தெரியுமா? 26 லட்சத்து 93 ஆயிரம்! தலை சுற்றுகிறதா?

காரம் விதையில் இருக்கிறது என்றுதானே நினைக்கிறோம்? இல்லவே இல்லை! விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை நரம்பில்தான் கேப்சைசின் என்ற காரப்பொருள் சுரக்கிறது. அங்கிருந்து ஒட்டிக்கொள்வதுதான் விதைக்குக் கிடைக்கும் காரம். சல்சாவில் காரம் குறைய வேண்டுமா? விதையைப் பொறுக்கி நேரத்தை வீணாக்காதீர்கள், அந்த நரம்பை வழித்துவிடுங்கள்!

இன்னும் கேளுங்கள். காரம் ஒரு ருசியே இல்லை! சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் ‘சுடுது!’ என்று மூளைக்குச் சொல்லும் ஒரு வாயில் நம் நரம்புகளில் இருக்கிறது. கேப்சைசின் போய் அதே வாயிலைத் திறந்துவிடுகிறது. வாய் வெந்துபோனது என்று மூளை ஏமாறுகிறது! இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது! பறவைகளுக்கு? காரமே தெரியாது! கிளி எவ்வளவு நிம்மதியாக மிளகாய் கொறிக்கிறது பார்த்திருக்கிறீர்களா?

சல்சா அரைக்கும் கல்லுக்கு மோல்காஹேத்தே என்று பெயர். எரிமலைக் குழம்பு உறைந்த பாறையில் செதுக்கிய, மூன்று கால் உள்ள கல்! அதன் உடம்பெல்லாம் நுண்ணிய துளைகள். புதிதாக வாங்கியதும் சல்சா அரைத்துவிட முடியுமா? பல்லில் மணல் கடிபடும்! அரிசியும் உப்பும் போட்டு மீண்டும் மீண்டும் அரைக்க வேண்டும். முதல் மாவு சாம்பல் நிறத்தில் வரும். மாவு வெள்ளையாக வரும் நாளில்தான் கல் தயார்! நம் வீட்டு அம்மியை வெளியே போட்டுவிட்டவர்கள் அதைத் திரும்ப உள்ளே கொண்டுவரலாம். சுட்ட மிளகாயும் பூண்டும் கல்லில் நசுங்கும்போது வரும் மணம் மிக்சியில் வரவே வராது!

சுடும் கல்லுக்குப் பெயர் கொமால். மண்ணால் செய்ததும் உண்டு. மண்கல்லில் சோள ரொட்டி ஒட்டாமல் இருக்க என்ன தடவுவார்கள்? எண்ணெயா? சுண்ணாம்புத் தண்ணீர்!

சுண்ணாம்பின் வேலை அதோடு முடியவில்லை. வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்பு! மக்காச்சோளத்தை அதில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோலை நீக்கி அரைத்தால்தான் தொர்த்தியா என்ற அந்தச் சோள ரொட்டிக்கு மாவு. 3,000 ஆண்டுகளுக்கு மேலான பழக்கம்! சுண்ணாம்பு இல்லாவிட்டால் என்ன? சோளத்தில் இருக்கும் நயாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேராது. சோளத்தை எடுத்துப்போன ஐரோப்பியர்கள் சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். விளைவு பெல்லாக்ரா! தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி தடுமாறி உயிரே போகும் நோய்! 1735-இல் ஸ்பெயினில் ஒரு மருத்துவர் அதை முதன்முதலாகப் பதிவு செய்தார். 1906 முதல் 1940 வரை அமெரிக்காவில், பெரும்பாலும் தென்மாநிலங்களில், ஏறத்தாழ 30 லட்சம் பேரை அது தாக்கியது. சுமார் 1 லட்சம் பேர் இறந்தார்கள்! மெக்சிகோக் கிராமத்துப் பாட்டிகள் ஒரு கைச் சுண்ணாம்பில் தீர்த்த விஷயம்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டிகள்மேல் மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

பச்சை சல்சாவுக்குப் புளிப்பு எங்கிருந்து வருகிறது? காகிதம்போல் ஒரு கூட்டுக்குள் காய்க்கும் தொமாத்தியோவிலிருந்து! நம் வயல் வரப்பில், நெற்றியில் அடித்துச் ‘சொடக்’ என்று வெடித்து விளையாடுவோமே, சொடக்குத் தக்காளி, அதன் சொந்தக்காரன்தான் இது! ஒரே பேரினம்! இந்தக் குடும்பத்துக்கு வயது என்ன தெரியுமா? அர்ஜென்டினாவின் படகோனியாவில் கூட்டோடு சேர்ந்து கல்லாகிப்போன பழம் கிடைத்தது. 5 கோடியே 20 லட்சம் ஆண்டுகள்! 2017-இல் ஆய்வாளர்கள் அறிவித்தபோது தாவரவியல் உலகமே வாயைப் பிளந்தது!

தோட்டத்தில் ஒரே ஒரு தொமாத்தியோச் செடி வைத்தால்? பூக்கும், கூடு தொங்கும், ஆனால் காய் பிடிப்பது அபூர்வம்! அதன் மகரந்தம் அதற்கே ஆகாது. பக்கத்தில் இன்னொரு செடி வேண்டும்!

கருக்குவதில் உச்சம் தொட்டவர்கள் யார்? மெக்சிகோவின் யுகாத்தான் பகுதி மக்கள்! காய்ந்த மிளகாயை லேசாக வறுப்பதில்லை, தீ வைத்து எரித்தே விடுகிறார்கள்! நெடி தாங்காது என்பதால் வீட்டுக்கு வெளியே, திறந்தவெளியில்! கரியாகிப்போன மிளகாயை அலசி, மசாலாக்களோடு அரைத்தால் மை போன்ற கறுப்பு விழுது. பெயர் ரெகாதோ நெக்ரோ. அதில் வான்கோழி வேகும்! வஹாக்காவின் மோலே நெக்ரோ என்ற கறுப்புக் குழம்பு மட்டும் சளைத்ததா? 20-க்கும் மேற்பட்ட பொருள்கள், அதில் மிளகாய் விதையைக் கரியாக்கிப் போடுவார்கள், ஒரு தொர்த்தியாவையும் எரித்துப் போடுவார்கள்! சாக்லேட்டும் உண்டு!

பானையே அடுப்பில் ஏறாமல் மீன் குழம்பு கொதிக்குமா? வஹாக்காவின் சினான்தெக் மக்கள் கொதிக்கவைக்கிறார்கள்! தக்காளி, மிளகாய், வெங்காயம், பச்சை மீன், தண்ணீர் எல்லாம் சுரைக்குடுவைக்குள். நெருப்பில் பழுக்கக் காய்ந்த ஆற்றுக்கல்லை எடுத்து உள்ளே போடுவார்கள். சில நிமிடங்களில் மீன் தயார்! சமைப்பவர்கள் யார் தெரியுமா? வழக்கப்படி ஆண்கள்தான்!

முதல் மழைக்கு நம் ஊரில் ஈசல் பிடித்து வறுப்பார்களே, வஹாக்காவில் சிறகு முளைத்த எறும்பு! சிகதானா! கொமாலில் வறுத்து, பூண்டும் மிளகாயும் சேர்த்து அரைத்தால் எறும்பு சல்சா! ஆண்டுக்கு ஒருமுறை, மழை தொடங்கும்போது மட்டும்!

2010-இல் யுனெஸ்கோ மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலையே மனிதகுலத்தின் பண்பாட்டுச் சொத்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது!

சரி, அந்தச் சுட்ட சல்சாவை வீட்டில் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? அரை மணி நேரம் போதும்! இரும்புத் தோசைக்கல் நன்றாகக் காயட்டும். பழுத்த தக்காளி 4, வெங்காயம் பாதி, தோல் உரிக்காத பூண்டு 3 பல், பச்சை மிளகாய் 2. மிளகாயைக் கீறிவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் வெடித்துத் தெறிக்கும்! பூண்டு முதலில் முடியும், தக்காளி கடைசியில். பூண்டின் தோலை ஏன் உரிக்கக் கூடாது? உரித்தால் கருகிக் கசக்கும். தோலோடு போட்டால் உள்ளே வெண்ணெயாக வெந்திருக்கும்! உப்பு, பூண்டு, மிளகாயை முதலில் நசுக்கி, பிறகு தக்காளியைக் கொரகொரப்பாக அரைத்து, கொத்தமல்லியும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் தீர்ந்தது. காய்ந்த மிளகாய் சேர்ப்பதானால் எச்சரிக்கை! சில நொடிகள் மட்டும் கல்லில் அழுத்தித் திருப்புங்கள். மணம் வந்ததும் எடுத்துவிடுங்கள், ஒரு நிமிடம் கடந்தால் கசப்புதான்!

மிளகாய் நெடியை லேசாக நினைக்காதீர்கள்! 2007 அக்டோபரில் லண்டனின் சோஹோ பகுதியில் மக்கள் இருமத் தொடங்கினார்கள். ரசாயனத் தாக்குதலோ என்று பயந்து தெருக்களை மூடினார்கள்! சுவாசக் கருவி மாட்டிக்கொண்டு தீயணைப்பு வீரர்கள் ஒரு கதவை உடைத்து உள்ளே போனார்கள். வெளியே எதைத் தூக்கி வந்தார்கள் தெரியுமா? ஒரு பெரிய சட்டி! உள்ளே, தாய்லாந்துச் சம்பலுக்காகக் கருக வறுத்த 4 கிலோ மிளகாய்! அதனால் ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அப்புறம் அடுப்பைப் பற்றவையுங்கள்!