பக்கற்றைப் பார்க்கும் முன் மீனின் வாயைப் பாருங்கள்

கண்டிப் பக்கத்தில் மடவளை பஸாரிலோ கட்டுகஸ்தோட்டையிலோ ஒரு கடைக்குப் போய், "மீன் தீன் தாங்க" என்று மட்டும் கேட்டால், சிவப்பும் பச்சையும் கலந்த ஏதாவது ஒரு பெலட் கைக்கு வரும். விலை குறைவு. எல்லா மீனும் அதை வாயில் போட்டுக்கொள்ளும். ஆனால் வாயில் போட்டுக்கொள்வது வேறு, உடம்பில் சேர்வது வேறு. ஓடையில் வாழும் மீனுக்கு ஒன்று பிடிக்காவிட்டால் இன்னொன்றைத் தேடிப் போகலாம். தொட்டி மீனுக்கு நாம் போடுவதைத் தவிர வேறு கதியில்லை. அதனால் "என்ன தீன் நல்லது?" என்று கேட்பதற்கு முன்னால், "எந்த மீனுக்கு?" என்று கேட்டுப் பழக வேண்டும்.

அதற்கான பதில் மீனின் முகத்திலேயே இருக்கிறது. கப்பியின் வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும், ஃபைட்டருக்கும் அப்படியே. இவை நீர்மட்டத்தில் கிடைப்பதைக் கொத்துகிறவை. மிதக்கும் செதில் தீன், மிதக்கும் நுண்ணிய பெலட் இரண்டும் இவற்றுக்குப் பொருந்தும். டெட்ரா, பார்ப் வகைகளுக்கு வாய் முகத்தின் நேர் முன்னால் இருக்கும். மெதுவாக அமிழும் தீனை இவை நடுநீரிலேயே பிடித்துவிடும். கொரிடோரஸ் போன்ற மீசை மீன்களுக்கு வாய் அடியில் இருப்பதால், மேலே மிதக்கும் தீன் அவற்றுக்கு எட்டுவதே இல்லை. மேலே இருக்கும் மீன்கள் எல்லாவற்றையும் தின்று முடித்த பிறகு, அடியில் இருப்பவை பட்டினி கிடக்கும். அவற்றுக்கென்று அமிழும் வில்லைகளை, விளக்கை அணைத்த பிறகு போடுவது நல்லது. தீனின் பருமனையும் பாருங்கள். மீனின் கண்ணை விடப் பெரிய பெலட்டை அது பெரும்பாலும் துப்பிவிடும். துப்பியது அடியில் கிடந்து அழுகும்.

வாய்க்கு அடுத்தது குடல். கோல்ட் பிஷ், கார்ப், பார்ப், கப்பி, மொலி ஆகியவற்றுக்கு உண்மையான இரைப்பை கிடையாது. சாப்பிட்டது சேர்த்து வைக்க இடமின்றி நேராகக் குடலுக்குப் போகிறது. எனவே ஒரே வேளையில் நிறையப் போடுவதால் பயனில்லை; பாதி சீரணிக்காமலே வெளியேறும். இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதே சரி. ஃபைட்டருக்கும் ஒஸ்காருக்கும் இரைப்பை உண்டு, ஆனால் அவை பூச்சியும் புழுவும் தின்னப் பிறந்தவை, குடல் குட்டை. கோதுமை மா நிறைந்த தீன் அவற்றின் வயிற்றை உப்பச் செய்யும். பாசி தின்னும் மீன்களில் நிலைமை தலைகீழ். குடல் உடம்பைப் போல் பல மடங்கு நீளம். ஆபிரிக்காவின் தங்கனீக்கா ஏரியில் பாறைப் பாசியைச் சுரண்டித் தின்னும் ட்ரோஃபியஸ் மீனுக்கு இறைச்சிப் புரதத்தைத் தொடர்ந்து கொடுத்தால், வயிறு வீங்கிச் சாகும்.

நம் நாட்டு மீன்களைக் கவனித்தால் இது இன்னும் நன்றாக விளங்கும். உலகமெங்கும் தொட்டிகளில் வளர்க்கப்படும் பிளாக் ரூபி பார்ப், இலங்கையின் ஈரவலயத்து நிழல் ஓடைகளுக்கே உரியது. சிங்களத்தில் புலத் ஹபயா என்பார்கள். காட்டில் அதன் சாப்பாடு பெரும்பாலும் பாசியும் உக்கிய இலைத் தூளும், இடையிடையே சிறு புழுக்களும். அதே ஓடையில் வாழும் ஹல்மல் தண்டியா, மரங்களிலிருந்து நீர்மேல் விழும் சின்னப் பூச்சிகளுக்காகக் காத்திருக்கும். நீரும் வெப்பமும் ஒன்றாக இருந்தும் இரண்டின் சாப்பாடும் வேறு. முதலாவதற்கு ஸ்பிருலினா என்ற பாசித் தூள் கலந்த தீன் வாரத்தில் பல நாள் வேண்டும். இரண்டாவதற்குச் செதில் தீனோடு சிறு உயிருணவும் வேண்டும். இவற்றை வளர்க்க விரும்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஓடையில் பிடித்ததை வாங்காதீர்கள். பண்ணையில் பெருக்கிய மீனையே கேட்டு வாங்குங்கள். அது பெலட்டுக்கும் பழகியிருக்கும்.

டேங்க் கிளீனர் என்று விற்கப்படும் சக்கர் மீனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அழுக்கையும் எச்சத்தையும் தின்று தொட்டியைச் சுத்தமாக்கும் என்று நம்பி, அதற்குத் தனியே எதுவும் போடாமல் விடுகிறோம். அது எச்சம் தின்னாது. பாசி முடிந்ததும் மெலியத் தொடங்கும். வயிறு உள்வாங்கியிருந்தால் பட்டினி என்று அர்த்தம். பாசி வில்லையும், சுடுநீரில் வாட்டிய வெள்ளரி அல்லது பீர்க்கங்காய்த் துண்டும் அதற்கு வேண்டும். ஒழுங்காகத் தின்றால் ஓர் அடிக்கு மேல் வளரும். இடம் போதாமல் போனதும் சிலர் ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே, மகாவலி ஆற்றில் 1976இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லை அணைக்கட்டுத் தேக்கத்தில், தென்னமெரிக்காவின் இந்த மீன் இன்று இனம் பெருக்கி வாழ்கிறது; ஆய்வாளர்கள் அதன் பெருக்கத்தை அளந்து எழுதியிருக்கிறார்கள். தீனும் இடமும் கொடுக்க முடியாத மீனை வாங்காமல் இருப்பது மகாவலிக்கு நாம் செய்யும் நன்மை.

இனி பக்கற்றின் பின்பக்கம். முன்பக்கத்துப் படம் எதையும் சொல்லாது. பின்னால் சேர்மானங்கள் எடை கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக அச்சாகியிருக்கும். முதலில் மீன் தூள், இறால் தூள், ஸ்பிருலினா இருந்தால் நல்லது. கோதுமை மா, சோயா என்று தொடங்கினால் அது வயிற்றை நிரப்பும் தீன். புரதம் கோல்ட் பிஷ்ஷுக்கு 30 சதவீதமளவில் போதும். டெட்ரா, ஏஞ்சல், ஃபைட்டருக்கு 40 அளவில் இருக்கட்டும். குஞ்சுகளுக்கு 45க்கு மேல் வேண்டும். கோழிக் குஞ்சுத் தீனை இடித்துப் போடும் பழக்கம் உண்டு. அதில் மாச்சத்துக் கூடுதல், மீனுக்கு வேண்டிய கொழுப்புக் குறைவு. நிறத்தைக் கூட்டும் தீன் ஏமாற்று அல்ல. சிவப்பு, செம்மஞ்சள் நிறங்களுக்கு வேண்டிய கரோட்டினோயிட்டுகளை மீன் தானாக உண்டாக்க முடியாது. சாப்பாட்டில்தான் கிடைக்க வேண்டும். அஸ்டாசாந்தின் அல்லது ஸ்பிருலினா சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

செதில் தீன் என்ற வசதி பழையதல்ல. 1950களில் ஜெர்மனியில் உல்ரிச் பேன்ஷ் என்ற உயிரியலாளர் அதைத் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கிய பிறகுதான், வீட்டில் வெப்பவலய மீன் வளர்ப்பது சாதாரண மக்களுக்கு எளிதானது. ஆனால் செதில் மெல்லியது. காற்றும் ஈரமும் அதைச் சீக்கிரம் கெடுக்கும். முதலில் போவது விட்டமின் சி. பெரும்பாலான மீன்கள் அதைத் தாமே உண்டாக்க முடியாதவை. நெடுநாள் குறைந்தால் முதுகெலும்பு வளையும். நம் பக்கத்தில் ஒக்டோபர், நவம்பர் மழையில் சுவரே வியர்க்கும். மூடி திறந்த டப்பாவில் பூஞ்சணம் பிடிக்க அதிக நாள் ஆகாது. ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதத்தில் முடிகிற சின்ன டப்பாவை வாங்குங்கள். பெரியது மலிவுதான், ஆனால் கடைசிப் பாதி வெறும் தூள். பொலித்தீன் பையில் நிறுத்துத் தரும் தீனுக்குத் திகதியே தெரியாது. புளித்த வாசம் வந்தால் எறிந்துவிடுங்கள்.

கொழும்பில் எழுதப்படும் மீன் வளர்ப்புக் குறிப்புகள் மறந்துவிடும் ஒன்று குளிர். கண்டிப் பக்கத்தில் ஜனவரி இரவில் வெளியே 18 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும். ஹீட்டர் இல்லாத சின்னத் தொட்டியின் நீரும் அதன் பின்னாலேயே குளிரும். மீனின் உடம்புச் சூடு நீரின் சூடுதான். நீர் குளிர்ந்தால் சீரணமும் மந்தமாகும். அந்த மாதங்களில் தீனைக் குறைத்து, வெயில் ஏறிய பிறகு போடுங்கள். நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழும்பிய கையோடு மீனுக்கும் போட்டுவிடுகிற வீடுகள் உண்டு. அது நீர் மிகவும் குளிர்ந்திருக்கும் நேரம், மீன் இன்னும் உறக்கத்தில். வீட்டாரின் சாப்பாட்டு நேரம் மாறினாலும், மீனுக்குப் பழைய நேரமே இருக்கட்டும்.

உயிருணவு தருவது மீனுக்குப் பெரிய உதவி, குறிப்பாகக் குஞ்சுகளுக்கு. ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிரின் முட்டையை ஒரு லீற்றர் நீருக்கு 25 முதல் 30 கிராம் உப்புக் கலந்து, காற்றுக் குமிழ் விட்டு வைத்தால், 28 பாகையில் ஒரு நாளில் பொரிக்கும். நம் குளிரில் நேரம் நீளும், பக்கத்தில் ஒரு பல்பு வைக்கலாம். மொய்னா என்ற நீர்த்தெள்ளும் வீட்டில் வளர்க்கக் கூடியதே. ஆனால் நுளம்புக் குடம்பி பிடிப்பதற்காக வெளியே பேசினில் நீர் வைக்காதீர்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின்படி அது குற்றம். டெங்குவால் வருடா வருடம் அவதிப்படும் மாவட்டத்தில், சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக் கூடாதது. கானில் கிடைக்கும் டியூபிஃபெக்ஸ் புழுவையும் தவிர்க்கலாம்; கழிவில் வாழ்வதால் நோயைக் கொண்டுவரும். ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பிறகு மாட்டிதயத்தை அரைத்துப் போடுவதும் உண்டு. மாட்டுக் கொழுப்பு குளிர்ந்த நீரில் உறையும், மீனால் அதைக் கையாள முடியாது. கொழுப்பை முற்றாக நீக்கி, எப்போதாவது, துளியளவு மட்டும்.

எந்தத் தீன் ஆனாலும், ஓரிரு நிமிடத்தில் முடிகிற அளவுதான். மிஞ்சுவது அழுகி அமோனியாவாகும். அது செவுளைச் சுடும். சரியான தீன் போட்டும் மீன் மெலிந்தாலோ வீங்கினாலோ தீனை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடத்தில் நீர்வாழ் உயிரின நோய்களை ஆராயும் பிரிவு உண்டு, விசாரிக்கலாம்.

பெருநாளைக்கு ஊருக்குப் போகும்போதும் பயம் வேண்டாம். வளர்ந்த மீன் மூன்று நான்கு நாள் தீனில்லாமல் நலமாக இருக்கும். தாங்காதவை குஞ்சுகள் மட்டுமே. அதற்கு மேலும் நாளானால், டப்பாவைப் பக்கத்து வீட்டில் கொடுக்காமல், ஒவ்வொரு வேளை அளவையும் கடதாசியில் தனித்தனியே மடித்து, நாளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.