இரண்டு திரைக்கு ஒரு தாங்கி



லுணுகலை, பசறை, பிபிலை என்று நமது வீதி நெடுகிலும் பல கடைகளில் இன்று கணனியில்தான் பில் போடுகிறோம். ஆனால் திரை முதலாளியைப் பார்த்தே நிற்கிறது. ஹொப்டனிலிருந்தோ மடுல்சீமையிலிருந்தோ சம்பள வாரத்தில் சாமான் வாங்க வரும் தோட்டத்து அம்மாவுக்குத் தெரிவது திரையின் முதுகுதான். நாம் சொல்லும் தொகையைக் கொடுக்கிறார். சந்தேகம் வந்தாலும் வாய் திறந்து கேட்கமாட்டார், அடுத்த மாதம் வேறு கடைக்குப் போய்விடுவார். அந்த நட்டம் எந்தக் கொப்பியிலும் எழுதப்படுவதில்லை.

கேட்பவருக்குப் பற்றுச்சீட்டு கொடுப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி நமது கடமை. அளவை, நிறுவையில் மோசம் செய்வோரைப் பற்றி ‘அல்முதஃப்பிபீன்’ என்று ஒரு சூராவே இறங்கியிருக்கிறது. நேர்மையாக வியாபாரம் செய்தால் மட்டும் போதாது, அந்த நேர்மை வாடிக்கையாளரின் கண்ணுக்கும் தெரிய வேண்டும். அதற்கு இரண்டாவது திரை ஒன்று போதும்.

திரையைப் பழையதாக வாங்கலாம். ஆனால் அதைத் தாங்கும் இரும்புக் கை வெளிநாட்டுச் சாமான். 2022 மார்ச்சில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டியபோது இறக்குமதிச் சாமான்களின் விலை எப்படி ஏறியது என்பதை நாம் மறக்கவில்லை. பலகையும் திருகாணியும் நமது ஊரிலேயே உண்டு. தச்சு பாஸ் ஒருவருக்கு இது அரை நாள் வேலை.

முதலில் திரையின் பின்புறத்தைப் பாருங்கள். மடித்த போர்வை மேல் முகம் கீழாக வைத்து, அதன் காலைக் கழற்றினால் சதுரமாக நான்கு துளைகள் தெரியும். 1989இல் உருவான ‘வீசா’ என்ற அமைப்பு (வெளிநாடு போகும் விசா அல்ல) வகுத்த அளவு அது. ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்ததின் நடுவுக்கு 7.5 சென்ரிமீற்றர் அல்லது 10 சென்ரிமீற்றர் இருக்கும். முதலாவது 8 கிலோ வரையும் இரண்டாவது 14 கிலோ வரையும் உள்ள திரைகளுக்கானது. கடைகளில் பாவிக்கும் 17, 19 அங்குலத் திரைகள் இந்த எல்லைக்குள் தாராளமாக அடங்கும். பழைய திரை வாங்கும்போது துளைகள் இல்லாததை வாங்க வேண்டாம்.

தேவையான சாமான்கள் இவை. அடிப்பலகை: 16 அங்குல நீளம், 12 அங்குல அகலம், ஓர் அங்குலத் தடிப்பு. தூண்: 2க்கு 4 மரம், 15 அங்குல உயரம். முதுகுப் பலகை: 12 மில்லிமீற்றர் ப்ளைவுட்டில் 5க்கு 6 அங்குலமாக இரண்டு துண்டு. யூகலிப்டஸ், கிரெவீலியா எதுவானாலும் நன்றாகக் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். ஈர மரம் பிறகு முறுக்கிக்கொள்ளும்.

தூணை அடிப்பலகையின் நடுவில் நிறுத்தி, கீழிருந்து மூன்று நீளத் திருகாணியும் பக்கங்களில் ‘எல்’ வடிவ இரும்பும் போட்டு இறுக்குங்கள். தூணின் 2 அங்குல முகங்கள் இரண்டிலும் முதுகுப் பலகைகளைப் பசையும் திருகாணியும் கொண்டு பொருத்துங்கள். திருகாணித் தலைகள் பலகைக்குள் அமிழ வேண்டும். இப்படிச் செய்தால் ஒரு திரை உங்களையும் மற்றது வாடிக்கையாளரையும் பார்க்கும். முதுகோடு முதுகாக நிற்பதால் பாரம் இரு பக்கமும் சமன்படும், தாங்கி சாயாது. நடுவில் 4 அங்குல இடைவெளி இருப்பதால் சூடும் வெளியேறும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருப்பது கழுத்துக்கு நல்லது. நீங்கள் கதிரையில் இருப்பீர்கள், வாடிக்கையாளர் நிற்பார். ஆகவே அவர் பக்கத்துப் பலகையைச் சற்று உயர்த்திப் பொருத்துங்கள்.

திரையின் துளைகளைக் கடதாசியில் பதித்தெடுத்து, அந்த அடையாளத்தில் முதுகுப் பலகையை 5 மில்லிமீற்றர் ட்ரில்லால் துளையுங்கள். திரையைப் பிடிக்கும் திருகாணி எம்-4 என்ற அளவு, நீளம் 20 மில்லிமீற்றர். பலகைக்கு 12, வொஷருக்கு 1 போக, திரைக்குள் 7 மில்லிமீற்றர் போகும். துளையின் ஆழம் பொதுவாக 10தான். அதைவிட நீளமான ஆணியை இறுக்கினால் திரை உள்ளே உடையக் கூடும்.

திரைகளை மாட்டுமுன் இரு பக்கமும் 5 கிலோ அரிசிப் பையைக் கட்டி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். அசையாவிட்டால் அடிப்பலகையை மேசையோடு சேர்த்து இறுக்கி, வயர்களைத் தூணோடு கட்டிவிடுங்கள். நமது பக்கத்துப் பனிக்கு ஒரு கை வார்னிஷ் அவசியம். மார்ச், ஏப்ரல் மற்றும் ஒக்டோபர், நவம்பர் மாதப் பின்னேரங்களில் இடி முழங்கத் தொடங்கினால் இரண்டு திரையின் ப்ளக்கையும் கழற்றிவிடுங்கள்.

கணனியில் இரண்டு திரைக்கான இணைப்பு இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள். விண்டோஸ் சாவியையும் ‘பீ’ எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ‘டூப்ளிகேட்’ என்பதைத் தெரிந்தால் இரண்டிலும் ஒரே பில் தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடன் கணக்கைத் திறக்குமுன் அதே சாவிகளை அழுத்தி, வெளித்திரையை நிறுத்திவிடுங்கள். ஒருவர் வாங்கிய கடன் நம்மிடம் உள்ள அமானிதம். அதைப் பின்னால் வரிசையில் நிற்பவர் வாசிக்கக் கூடாது. தன் பில்லைத் தானே பார்க்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு, மற்றவரின் கடனைப் பார்க்கும் உரிமை இல்லை. கல்லாவில் நிற்கும் பையனுக்கு இந்த வித்தியாசத்தை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள்.